தையல் கடையில் ஒரு மணி நேரம்

என் டைரியிலிருந்து ஒரே ஒரு வரி தொலைக்காட்சியில் வந்தது. முப்பது வருடமாக நாள் தவறாமல் எழுதுகிறவளுக்கு அது ஒரு கௌரவம் என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். அந்த வரியால் ஒரு தையல்காரரின் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். ஆகவே கௌரவத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் இடையில் ஒரு கிராமத்தில் கிளைத் தபால் அலுவலகம் நடத்துகிறேன். என் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு முத்திரை, வெளிச்சுவரில் சிவப்புப் பெட்டி. காலனியில் பிறந்து, காலனியிலேயே அரசாங்க வேலை கிடைத்தவள் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அடுத்த வீட்டில் பிறந்தவளைப் பற்றி இருபத்திரண்டு வருடமாக எந்தப் பேச்சும் கிடையாது. அவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு தோள்பையோடு போனவள், திரும்பவில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு அமைப்பில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு போலீஸ்காரர்கள் வந்து சொன்னார்கள். அவளுடைய அம்மாவும் காலமாகி, அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். அவளைப் பற்றிக் கேட்க ஊரில் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

சென்ற மாதம் வடக்கே வேறொரு மாநிலத்தில், காட்டோரக் கிராமம் ஒன்றில் அவளைப் பிடித்தார்கள். அவளோடு நாலு ஆண்களையும் பிடித்தார்கள். செய்தி வந்த மறுநாள் புதன்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, ஒரு தொலைக்காட்சி வண்டி என் வீட்டு முன் நின்றது. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும் ஒரு நிருபர் பெண்ணும், தாடி வைத்த ஒரு கேமராக்காரரும் இறங்கினார்கள்.

"மேடம், நீங்கதான் அவங்களோட ஃப்ரெண்டா?"

"தபால் பை வந்திருக்கு. பிரிச்சு அடுக்கணும். பன்னண்டரைக்கு வாங்க."

அவர்கள் போகவில்லை. வெளியே நின்று தபால்பெட்டியைப் படம் பிடித்தார்கள். 'இதே பெட்டியில்தான் தன் ரகசியக் கடிதங்களைப் போட்டாரா' என்ற வாசகத்தோடு அது அன்று மாலை வந்தது. அந்தப் பெட்டி பொருத்தப்பட்டு ஒன்பது வருடம்தான் ஆகிறது. பழைய பெட்டி அடியில் துரு ஏறி விழுந்துவிட்டது. இதை நான் அப்போதே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு நிருபர் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கை நீட்டினார். கேட்ட கேள்விகளை அன்றிரவே அதே வரிசையில் எழுதிவைத்தேன். முதல் கேள்வி, அவங்க அழகா இருப்பாங்களா. நான், உயரம் ஐந்தடி நாலு அங்குலம் என்றேன். முடி நீளமா என்றார். ப்ளஸ் டூ படிக்கும்போது பேன் வந்து வெட்டியது, பிறகு வளர்க்கவில்லை என்றேன். நல்லா சமைப்பாங்களா என்றார். அவள் ரசம் தாளித்தால் தெரு முழுக்க இருமும் என்றேன். 'ரசம் வைப்பதில் கைதேர்ந்தவர்' என்று வந்தது.

"யாராவது அவங்கள ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிருப்பாங்களா மேடம்? மூளைச்சலவை மாதிரி?"

"அவளை யாரும்மா ஏமாத்துறது? கருவாட்டுக்காரி எங்க எல்லாரையும் எடையில ஏமாத்துவா. அவ வந்தா மட்டும் தராசைத் தொடச்சி வைப்பா."

"சரி மேடம். பின்ன எதுக்குப் போனாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். நாற்பது நிமிடம் பேசினேன்.

எங்கள் காலனிக்குச் சுடுகாடு ஏரிக் கலங்கலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிந்தால், அதைக் கலங்கல் போகிறது என்போம். கலங்கல் போகிற நாளில் எங்களில் யாராவது செத்தால், மார்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். ஒரு சிறு பாலம் போதும். வருடத்துக்கு ஒரு முறை உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். பந்தல் போட்டு, அதிகாரி உட்கார்ந்து, கிராமம் கிராமமாக மனு வாங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே நாங்கள் இருவரும் மனு கொண்டு போக ஆரம்பித்தோம். அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஏழு வருடத்தில் ஏழு மனு. ஏழுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. ஏழாவது முறை, தாசில்தார் எழுந்து போகப் பார்த்தபோது அவள் வழியில் நின்று, "பரிசீலனைன்னா எத்தினி நாளு சார்? சாவுறவங்களுக்கு தேதி சொல்லணும்ல" என்று கேட்டாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

ஏழாவது மனு கொடுத்த வருடம், கார்த்திகையில், அவளுடைய அப்பா இறந்தார். தண்ணீரின் நடுவில் பாடையின் ஒரு மூங்கில் நழுவியது. அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை.

அவள் காஞ்சிபுரத்தில் கல்லூரி படித்தபோது சிலர் அவளுக்குப் புத்தகங்கள் கொடுத்தார்கள். அவர்களில் ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். படித்தேன். சில பக்கங்கள் சரி என்று தோன்றியது, சில பக்கங்கள் பயமாக இருந்தது. அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது கேமராக்காரரின் பேட்டரி என் சுவிட்சில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "ரசத்துலேர்ந்துக்கா" என்றார்.

நிருபருக்கு ஒரு போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஆபீஸ்ல ஒரு லவ் ஆங்கிள் இருக்கான்னு கேக்கறாங்க மேடம்."

"இல்லம்மா."

"நீங்க மறந்திருக்கலாம்ல?"

இந்த இடத்தில்தான் தவறு என்னுடையதாகிறது. நான் மறந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது. மரப்பெட்டியிலிருந்து அந்த வருடத்து நோட்டை எடுத்து, அவள் போனதற்கு முந்தைய வாரத்தைப் பிரித்து, மேஜைமேல் வைத்தேன். பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு மோர் எடுத்துவர உள்ளே போனேன். மோர் கலக்க நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது இருவரும் மிகுந்த மரியாதையோடு மோர் குடித்தார்கள். நன்றி சொன்னார்கள். போனார்கள்.

மாலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி வந்தது. சோகமான புல்லாங்குழல். ஒரு காடு. இரட்டைப் பின்னலோடு முதுகைக் காட்டி நடந்து போகும் ஒரு பெண், யாரோ. பிறகு என் கையெழுத்து திரை முழுக்க: 'தையல் கடையில் அவனோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வெளியே நின்றேன். கால் வலித்தது.' கால் வலித்ததை மங்கலாக்கிவிட்டார்கள். தலைப்பு, 'தையல் கடையில் மலர்ந்த காதல், காட்டில் முடிந்த கதை'.

அது வலது பக்கத்தின் கடைசி வரி. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பக்கத்தின் முதல் வரி இருக்கிறது. அது இப்படி: 'பேன்டுக்கு நாலு பாக்கெட் கேட்டாள். பெண்பிள்ளைக்குப் பாக்கெட் வைத்துப் பழக்கமில்லை என்கிறான். முடிவில் மூன்று.' அவர்கள் பக்கத்தைத் திருப்பவில்லை.

நிகழ்ச்சியில் ஒரு நிபுணர் பேசினார். பின்னால் நிறையப் புத்தகங்கள் இருந்தன. பெண்கள் இயல்பிலேயே உணர்ச்சிவசப்படுகிறவர்கள், ஒரு ஆணின் மீது வைத்த அன்பு அவர்களை எங்கும் கொண்டுபோய்விடும் என்றார். இன்னொரு சேனலில், அவள் முகாமில் எல்லோருக்கும் தாய்போலச் சமைத்துப் போட்டதாகச் சொன்னார்கள். வேறொன்றில், 'பூப்போன்ற கையில் துப்பாக்கி' என்றார்கள். அவள் கை எனக்குத் தெரியும். நாற்றுப் பறித்து, கரும்பு வெட்டிப் படித்தவளின் கை. பூப்போல இருக்க வாய்ப்பில்லை. அவளோடு பிடிபட்ட நாலு ஆண்களைப் பற்றிச் சேனல்கள் சொன்னதையும் கேட்டேன். ஒருவர் தீவிரக் கொள்கைப் பிடிப்பாளர், ஒருவர் வெடிமருந்தில் தேர்ந்தவர், இருவர் பல ஆண்டுகளாகத் தேடப்பட்டவர்கள். நாலு பேரில் ஒருவர்கூட வாழ்க்கையில் யாரையும் காதலித்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு முடி எவ்வளவு நீளம் என்பதும் வரவில்லை.

இதெல்லாம் எனக்கு எரிச்சல். ஆனால் உண்மையான சேதம் மறுநாள்தான் ஏற்பட்டது.

அந்தத் தையல்காரர் இன்னும் எங்கள் ஊர்ச் சாலையில் கடை வைத்திருக்கிறார். என்னைவிட இரண்டு வயது இளையவர், தலை முன்பக்கம் வழுக்கை, எதற்கும் பயப்படுகிறவர். மாடு எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார். அவள் போவதற்கு நாலு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, அவர் பெங்களூரில் ஒரு துணி ஆலைக்கு வேலைக்குப் போனார். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டார். 'ஒரே வாரத்தில் இருவரும் மாயம்' என்று நிகழ்ச்சியில் வந்தது. அவர் முன்னால் போய் இடம் பார்த்தார் என்பதுபோல ஒரு வரைபடமும் காட்டினார்கள்.

வியாழக்கிழமை நிருபர் அவர் கடைக்குப் போனார். அதை மாலையில் பார்த்தேன். தையல்காரர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார், நீவினார், திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"அவங்களை உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"நெருக்கமாத் தெரியுமா?"

இந்த இடத்தில் அவர் தையல் இயந்திரத்தைப் பார்த்துச் சிரித்தார். மெதுவான சிரிப்பு. "பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார்.

அந்தச் சிரிப்பை மூன்று முறை போட்டார்கள். மூன்றாவது முறை மெதுவாக ஓட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபது பஸ்ஸில் அவர் மனைவி ஒரு பையோடு புள்ளலூருக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று பதினோரு மணிக்குத் தையல்காரர் என் அலுவலகத்துக்கு வந்தார். தபால் எதுவும் இல்லை.

"யக்கா, பேஜாராப் பூட்ச்சி. டீவீல சொன்னதுக்கு அவ ஒண்ணும் பேசல. 'சொன்னா சொல்லிட்டுப் போறான், நீ இன்னாத்துக்குயா சிரிச்ச?'ன்னா. அவ்ளோதான், பையத் தூக்கிக்கினா. ரெண்டு நாளா வூட்ல ஒல பொங்கல."

"இன்னைக்குக் காலையிலதான போனா? ரெண்டு நாள் எப்படி?"

"நேத்தே பொங்கலக்கா."

"சரி. ஏன் சிரிச்ச?"

"உன் நோட்டாலதான இம்மாம் வந்துச்சி. நீயே வந்து சொல்லு அவகிட்ட."

"என் நோட்டால வரல. உன் சிரிப்பால வந்துச்சு."

"ரெண்டாலயும்னு வச்சிக்கயேன். இப்ப அவ வருவாளா, வரமாட்டாளா?"

நோட்டில் என் பங்கு இருந்தது. பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு மோர் கலக்கப் போயிருக்கலாம். ஆகவே முதலில் நிருபருக்குப் போன் செய்தேன். அடுத்த பக்கத்தின் முதல் வரியைப் படித்துக் காட்டி, மறுப்பு போட வேண்டும் என்றேன்.

"மறுப்பு போட மாட்டாங்க மேடம்" என்றார். "ஆனா பாக்கெட் நல்லாருக்கே. அத வச்சி ஒண்ணு பண்ணவா?"

"ஏரிய வச்சுப் பண்ணுங்க. அவ போய்ப் பதினோரு வருஷம் கழிச்சு அதே எடத்துல பாலம் வந்துடுச்சு. அது செய்தி இல்லையா?"

"நான் ஏரிய எழுதித்தான் மேடம் குடுத்தேன். வெட்டிட்டாங்க. விஷுவல் இல்லைன்னுட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இந்த வேலைக்கு வந்தப்பவே எங்க ஊர்ல, யாரு இழுத்துட்டுப் போனான்னுதான் கேட்டாங்க" என்றார். அந்தப் பெண்மேல் அதற்கப்புறம் எனக்குக் கோபம் வரவில்லை.

அன்று மாலை பாக்கெட் நிகழ்ச்சி வந்தது. 'காதலிக்காகக் காட்டுடை தைத்த இளைஞர்.' ஒரு பொம்மைக்குப் பச்சைச் சட்டையும் பேன்டும் மாட்டி, எந்த வண்ணம் காட்டில் எடுக்கும் என்று ஒரு உடை வடிவமைப்பாளர் விளக்கினார். அந்த அமைப்பின் துப்பாக்கிகளால் ஆள்கள் செத்திருக்கிறார்கள். அதில் இவளுக்கு என்ன பங்கு என்று அரை மணி நேரத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எதற்காகப் போனாள் என்பதும் வரவில்லை, போய் என்ன செய்தாள் என்பதும் வரவில்லை. பேன்டின் வண்ணம் வந்தது.

சனிக்கிழமை தையல்காரர் கடையில் நாலு கல்லூரிப் பெண்கள் சுடிதாருக்குப் பாக்கெட் வைக்கக் கேட்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் சந்தோஷப்படாமல் இருந்திருந்தால் நல்லது.

ஞாயிறு தபால் அலுவலகத்துக்கு விடுமுறை. நோட்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. வெள்ளைச் சட்டை. மிச்சமிருந்த தலைமுடிக்குக் கன்னங்கரேலென்று சாயம்.

"எப்ப பூசின?"

"வியாழக்கெழம."

"டிவிக்காரங்க வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அவங்க போன் பண்ணிட்டுத்தானக்கா வந்தாங்க" என்றார்.

காஞ்சிபுரத்தில் பஸ் மாறினோம். பேச்சை மாற்றலாம் என்று, புள்ளலூரில் பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் பெரிய போர் நடந்தது என்று சொன்னேன்.

"யாரு கெலிச்சா?"

"ரெண்டு பேரும் தாங்கதான் ஜெயிச்சோம்னு எழுதி வச்சிருக்காங்க."

"எழுதி வச்சா இன்னாவேணா எழுதலாம்" என்று என் பையைப் பார்த்தார்.

அவர் மனைவி அண்ணன் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவர் தலையைப் பார்த்தாள்.

"வாக்கா. மையி வேற போட்டுக்கினு வந்துகீறாரா?"

நோட்டைப் பிரித்து, அந்த வலது பக்கத்தைக் காட்டி, பிறகு நானே பக்கத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தேன். அவள் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து, உரக்க, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். உளுந்து ஊறப்போட மறந்ததையும் படித்தாள். எங்கள் நாய் குட்டி போட்டதையும் படித்தாள். பாக்கெட் வரியைப் படித்துவிட்டு நிறுத்தினாள். முன்னால் நூறு பக்கத்துக்கு மேல் திருப்பிப் பார்த்தாள். மனு, ஜமாபந்தி, தாசில்தார்.

"இம்மாம் எழுதிகீறியே, இதுல இவரு பேரு ஒரு எடத்துலயும் இல்லியே. தையக்காரப் பையன்னுதான் கீது."

"அப்பவே எனக்கு இருவத்திரண்டு வயசு" என்றார் தையல்காரர். "பையன்னு எய்திட்டியேக்கா."

அவள் அதைக் கவனிக்கவில்லை. "தாசில்தார நடுரோட்டுல நிக்கவச்சி கேள்வி கேட்டவ. அவ போயி, இவர..." என்று தொடங்கி, முடிக்காமல் ஒரு கடலையை உடைத்தாள்.

"ஏன்? எனக்கு இன்னா கொறச்சலு?" என்றார் அவர்.

நான் அந்த நேரத்தில் நோட்டைத் திரும்ப வாங்கி, அதன் அட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அவ உன்ன நெனச்சிருக்கணும்ன்றியா?" என்றாள் மனைவி. "அதான் சிரிச்சியா?"

"அய்யே, அது இல்ல."

"பின்ன இன்னா? நியூசு பொய்யின்னு எனக்கு மொதல்லயே தெரியும். உன்ன நம்பி ஒருத்தி தெருமொனைக்கு வரமாட்டா, காட்டுக்கா வருவா? எனக்கு அந்த சிரிப்புக்குத்தான் பதிலு வேணும். பதினெட்டு வருசத்துல என்ன பாத்து அப்படிச் சிரிச்சதில்ல நீ."

தையல்காரர் மண்ணில் குந்தினார். வெள்ளைச் சட்டை என்பதையும் மறந்துவிட்டார்.

"இருவத்தஞ்சி வருசமாத் தெக்கிறேன்" என்றார். "டைட்டா கீதுன்னு திட்டுவாங்க, லூசா கீதுன்னு திட்டுவாங்க. என்னிக்காவது ஒருத்தரு வந்து, உன் கத இன்னாயான்னு கேட்டுக்கீறாங்களா? அந்தப் பொண்ணு மைக்க நீட்டி, சார்ன்னு கூப்டுச்சி. எதுத்தாப்ல லைட்டு. எனுக்கும் ஒரு கத இருந்த மாரி இருந்துச்சி. அதான் சிரிச்சிட்டேன். பொய்யி ஒண்ணும் சொல்லல. சிரிச்சேன்."

மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ஒரு மணி நேரம் இன்னாதான் பேசனீங்க?"

"நான் எங்க பேசனேன்? அவதான் பேசனா. ஆம்பளைக்கு நாலு பாக்கெட்டு, பொம்பளைக்கு ஒண்ணுகூட இல்ல, யாரு வச்ச சட்டம்ன்னா. எங்கப்பா கத்துக்குடுத்ததுன்னேன். உங்கப்பாவ கூப்புடுன்னா. எனக்கு வேர்த்துப் போச்சி. மூணு வச்சித் தரேன், தாயே, போயிடுன்னேன். மறுநாளு வந்து வாங்கிக்கினு, நாலாவது எங்கன்னா. திங்கக்கெழம வந்து பாக்குறேன், வச்சித் தரணும்ன்னா."

"அப்புறம்?"

"நான் வெள்ளிக்கெழம பஸ்ஸு ஏறிட்டேன்."

"அவளுக்குப் பயந்தா பெங்களூருக்குப் பூட்ட?"

"வேலையும் இருந்துச்சி" என்றார் தையல்காரர். கொஞ்சம் யோசித்தார். "அதுவும்தான்."

அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. தோள்தான் முதலில் குலுங்கியது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகு நேரம் குலுங்கினாள். கண்ணீர் வந்தது. "இத மைக்குல சொல்லிகீணும் நீ" என்றாள் நடுவில். "அந்தப் பொண்ணு சுருட்டிக்கினு போயிருக்கும்." அவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டையிலிருந்து மண்ணைத் தட்டினார். அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். ஆனால் அவள் சிரிப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

"நாஷ்டா துன்னியாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். நான் சாப்பிட்டாயிற்று, அவர் சாப்பிடவில்லை என்றேன். "தெரியும்" என்று உள்ளே போனாள்.

திரும்பும்போது மூன்று பேர். உரித்த கடலை ஒரு பையில் அவர் மடியில் இருந்தது. காஞ்சிபுரம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, மெய்யாலுமே கேக்குறேன். எதுக்குத்தான் போனா அவ?"

முதல் மனுவிலிருந்து ஆரம்பித்தேன். கலங்கலைச் சொன்னேன், அவள் அப்பாவைச் சொன்னேன். இவ்வளவும் காரணமா என்று எனக்கே முழுசாகத் தெரியாது, அதையும் சொன்னேன். அங்கே போய் அவள் என்ன செய்தாள் என்று தெரியாது, அந்த அமைப்பால் செத்தவர்களுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும் என்றும் சொன்னேன்.

"இதெல்லாம் டீவீல கேக்கலியா?"

"இல்ல."

"பின்ன இன்னா கேட்டாங்க அவ்ளோ நேரம்?"

"முடி நீளமான்னு."

அவள் அவர் மடியிலிருந்த பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். பிறகு, "உனக்கும் அதே கலங்கல்தான? நீ ஏன்கா போவல?" என்றாள்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. போலீஸ்காரர்கள் கேட்கவில்லை, நிருபர் கேட்கவில்லை, இத்தனை நோட்டில் நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"எட்டாவது மனுவுக்குப் பதில் வரும்னு நெனச்சேன்" என்றேன்.

"வந்துச்சா?"

"பதினெட்டாவதுக்கு வந்துச்சு. அந்த வருஷம் தேர்தலும் வந்துச்சு. எதால பாலம் கட்டினாங்கன்னு தெரியல."

உத்திரமேரூரில் இறங்கி சாலவாக்கம் டவுன் பஸ் பிடித்தோம். கூட்டமில்லை. இருவரும் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் விட்ட இடத்திலிருந்து சொல்லச் சொன்னாள். ஒன்பதாவது மனுவில் ஆரம்பித்து, அதற்கு வந்த பதிலை அப்படியே ஒப்பித்தேன். பத்தாவதுக்கும் அதே பதில்தான். பன்னிரண்டாவதுக்கு வரும்போது நிமிர்ந்து பார்த்தேன். அவர் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சாயம் பூசிய முடியிலிருந்து வேர்வையோடு ஒரு கறுப்புக் கோடு அவர் கன்னத்தில் இறங்கியிருந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கினால் தோள் அசையும் என்று அவர் துடைக்கவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்தது. நான் எழுந்து அவளை எழுப்பப் போனேன். அவர் கண்ணால் வேண்டாம் என்றார். நடத்துனர் விசில் ஊதினார். நான் மட்டும் இறங்கினேன். பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு சாலவாக்கம் வரைக்கும் போயிற்று. அங்கிருந்து திரும்பி வர அடுத்த பஸ் ஆறு பத்துக்குத்தான். அது அவருக்கும் தெரியும்.